உள்ளுக்குள் சொன்ன சாட்சி

பத்து வயதுப் பெண் ஒருத்தியின் வாயை நான் அடைத்தேன். அதனால் ஒரு மனிதர் வேலையையும் இருந்த இடத்தையும் இழந்தார். தெரியாமல் செய்யவில்லை. தெரிந்தே செய்தேன்!

அவளை நான் தொடவில்லை, மிரட்டவில்லை. எங்களுக்கு நடுவே எட்டடி தூரம் இருந்தது. அவள் முதுகு என் பக்கம் இருந்தது. என் கையில் ஒரு பேனா இருந்தது... அவ்வளவுதான். பேனாவால் எப்படி ஐயா ஒரு வாயை அடைப்பது என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆவடியில் ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தேன். பகலில் அலுவலக எழுத்தர். முகூர்த்த நாட்களில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். முப்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. நாலு பேர் மதிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் கொஞ்சம் அதிகம். குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு கூடம் இருந்தது. அதில் சனி, ஞாயிறு காலைகளில் பிள்ளைகளுக்கு இசை முகாம் நடத்துகிறேன் என்று நானாகவே போய்க் கேட்டு வாங்கினேன்.

முதல் வாரம் கூடம் நிறையப் பிள்ளைகள். மூன்றாவது வாரம் நான்கே பேர், அதிலும் ஒருவன் தூங்கி வழிந்தான். மற்றவர்களெல்லாம் எங்கே என்று விசாரித்தால், யார் வீட்டில் டிவி கேம் இருக்கிறதோ அந்த வீட்டில்! சரளி வரிசையைக் குள்ளன் ஒருவன் தோற்கடித்துவிட்டான். திரையில் பள்ளம் பள்ளமாகத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும் குள்ளன்.

சரி, அவனையே கூப்பிட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். அக்காள் மகனிடம் கெஞ்சி ஒரு கேம் செட்டை வாங்கி வந்து, கூடத்து டிவியில் மாட்டினேன். டிவியின் சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டேன். ஒருவன் ஆட வேண்டும், மற்றவர்கள் அந்த ஆட்டத்தின் இசையை ஸ்வரம் ஸ்வரமாகப் பாட வேண்டும். பாட்டு நின்றால் ஆடுகிறவன் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட வேண்டும். இதுதான் சட்டம். இரண்டே வாரத்தில் கூடம் நிரம்பி வழிந்தது. தாளம் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைகள், குள்ளன் செத்துவிடுவானே என்ற பயத்தில் ஓர் இம்மி பிசகாமல் பாடினார்கள்!

சங்கத்துக் கூட்டத்தில் பெற்றோர் முன்னால் என்னைப் பேசச் சொன்னார்கள். "விளையாட்டு இங்கே வெறும் கருவி. பாட்டு இல்லாமல் இந்தப் பெட்டியை ஒருவரும் தொட முடியாது, நான் உட்பட" என்று முழங்கினேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் பின்னால் என்னைக் கெடுத்தது.

இப்போது ஒரு சின்ன விஷயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்துக் கேம் பெட்டிக்கு மொத்தம் நான்கே குரல்கள்தான். முதல் குரல் மெட்டு, இரண்டாம் குரல் அதற்குத் துணை மெட்டு, மூன்றாவது அடித்தளம், நான்காவது வெறும் இரைச்சல், தாளத்துக்கு. குள்ளன் தாண்டும்போது ஒரு சத்தம் வர வேண்டுமே, அதற்கு ஐந்தாவது குரல் கிடையாது. ஆகவே பெட்டி என்ன செய்யும் தெரியுமா? இரண்டாம் குரலைக் கொஞ்ச நேரம் வாயடைத்துவிட்டு, அந்த இடத்தில் தாண்டும் சத்தத்தைப் போடும். சத்தம் முடிந்ததும் இரண்டாம் குரல் திரும்பி வரும். விட்ட இடத்திலிருந்து அல்ல! பாட்டு அதற்குள் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறதோ, அந்த இடத்திலிருந்து.

குழுவில் வாசித்துப் பழகிய என் காது இதைக் கண்டுபிடித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இதையும் பாட வைக்க வேண்டும் என்று வெறி பிடித்தது. இரண்டாம் குரலுக்கு மேகலாவைத் தேர்ந்தெடுத்தேன்.

மேகலா, மெஷின் ஷாப்பில் வேலை பார்த்த ஒரு திருநெல்வேலிக்காரரின் மகள். வாயாடி என்றால் அப்படியொரு வாயாடி. கூடத்துக்குள் நுழைவதற்கு முன்பே அவள் பேச்சு நுழைந்துவிடும். பூனை குட்டி போட்டது, பக்கத்து வீட்டு மாமி விழுந்தது, எல்லாம் ராகம் போட்டுச் சொல்வாள். சுருதி சுத்தம்.

அவளைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தேன். திரையைப் பார்க்கக் கூடாது. அந்த ஜாய்ஸ்டிக்கின் பொத்தான் அழுத்தும்போது 'டக்' என்று சத்தம் போடும். டக் கேட்டதும் அவள் வாய் நிற்க வேண்டும். பொத்தானை விடும்வரை நின்றே இருக்க வேண்டும். விட்டதும், பாட்டு போய்ச் சேர்ந்த இடத்தில் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"வாய்தான் நிக்கணும் மேகலா! உள்ள நிக்கக் கூடாது. உள்ள ஓடிக்கிட்டே இருக்கணும்!"

எத்தனை தடவை இதைச் சொன்னேன்... நூறு தடவை? ஆயிரம் தடவை? ஒரு மாதத்தில் அவள் பிடித்துக்கொண்டாள். சாதாரணமாக அல்ல. ஸ்வரத்தின் நடுவில், வாய் திறந்தபடியே நிற்பாள். பிறகு கத்தியால் நறுக்கிய மாதிரி சரியான இடத்தில் வருவாள். ஒருநாள் குட்டிப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, "சார், அக்கா நிறுத்தறப்பவும் பாட்டு கேக்குது சார்" என்றான். சிரித்துவிட்டு அனுப்பினேன். ஆனால்... எனக்கும் கேட்டது! அவள் பாடாத இடத்தில், சன்னமாக, அவள் குரல். பழகிய காது தானாக இட்டு நிரப்பிக்கொள்ளும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

பேனா விஷயம் தற்செயலாகத் தெரிந்தது. வருகைப் பதிவுக்குப் பேர் கூப்பிடும்போது, மேகலா அவர்கள் வீட்டுப் பூனைக் கதையை யாரிடமோ அளந்துகொண்டிருந்தாள். நான் பேனாவின் தலையை அழுத்தினேன். டக். அவள் பேச்சு நின்றது.

நான் கட்டைவிரலை எடுக்கவில்லை. விளையாட்டாகத்தான்... பார்ப்போமே என்றுதான். அவள் உதடுகள் லேசாகப் பிரிந்தபடி இருந்தன. கண் சிமிட்டினாள், மூச்சு விட்டாள். பேச்சு மட்டும் இல்லை. எட்டு, ஒன்பது, பத்து என்று மனதுக்குள் எண்ணிவிட்டு விரலை எடுத்தேன்.

"...அப்புறம் அதுக்குப் பாலு ஊத்துனோம், குடிச்சிட்டு தூங்கிட்டு" என்று முடித்தாள்.

நடுவில் கதை எங்கே போயிற்று என்று தோழி கேட்டாள். "சொன்னேனே!" என்றாள் மேகலா. பொய் சொல்லும் முகம் இல்லை அது. சொல்லிவிட்டதாகவே அவள் நம்பினாள். நல்லவனாக இருந்தால் அன்றே அந்தப் பயிற்சியை நிறுத்தியிருப்பேன். அவள் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன். நான் என்ன செய்தேன்? அடுத்த வாரமும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன்!

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் ஏகாம்பரம். நெமிலிச்சேரிக்காரர், ஐம்பது வயது இருக்கும். கூடத்தின் பின்னால் ஒற்றை அறை கொடுத்திருந்தார்கள். அவரும் மனைவியும் அதில் இருந்தார்கள். முகாம் முடிந்ததும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பூட்டுவது அவர் வேலை. அதில் ஒருநாளும் தவறியதில்லை.

அன்று பிள்ளைகள் போன பிறகு, நான் தனியாக உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தேன். ஆமாம். பாட்டு இல்லாமல், யாரும் தொடக் கூடாது என்று முழங்கிய அதே பெட்டியை! கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டேன். அதுவரை நான் அந்தக் கட்டத்தைப் பார்த்ததே இல்லை. அழைத்துப் போக அப்பா வரத் தாமதமானதால் மேகலா மட்டும் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

ஏகாம்பரம் சாவியோடு வந்தார். "சார், மெயினு அணைக்கணும். ஊட்ல சோறு போட்டுகினு குந்திகினு கீறா."

"நீங்க போய்ச் சாப்பிடுங்க. இன்னிக்கு மெயினை நான் அணைச்சுக்கறேன். சாவியை உங்க கதவுல மாட்டிட்டுப் போறேன்."

"மறந்துடாத சார்."

"மறக்க மாட்டேன், போங்க."

அவர் போனதும் வாசலில் வேன் ஹாரன் அடித்தது. பூந்தமல்லியில் ஒரு வரவேற்பு, குழுவினர் என்னை அழைத்துப் போக வந்துவிட்டார்கள். அன்று அவர்களுடைய கீபோர்டு போதும் என்றதால் என்னுடையதைக் கூடத்திலேயே விட்டேன். ஆட்டத்தை எப்படி விடுவது? அந்தப் பெட்டிகளில் ஆட்டத்தைச் சேமித்து வைக்க வழி கிடையாது. அணைத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்த வேதனை ஆடியவர்களுக்குத்தான் தெரியும். ஆட்டம் அப்படியே உறைந்து நிற்கட்டும் என்று 'பாஸ்' பொத்தானை அழுத்தினேன். டிவியை மட்டும் அணைத்தேன். பெட்டியும் அதன் அடாப்டரும் சூடாக ஓடிக்கொண்டிருக்க, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று டிவிக்குப் போடும் கனத்த வெல்வெட் உறையை எல்லாவற்றுக்கும் மேலாக இழுத்து மூடினேன்.

"அந்தப் பக்கம் பிடிம்மா" என்று மேகலாவைக் கூப்பிட்டேன். அவள் பிடித்தாள்.

"சார், செவப்பு லைட் எரியுதே?"

"எரியட்டும். நாளைக்கு வந்து பாத்துக்கலாம்."

மெயினை அணைக்காமலே கூடத்தைப் பூட்டி, சாவியை ஏகாம்பரத்தின் கதவில் மாட்டிவிட்டு வேனில் ஏறினேன். மாலை நான்கு மணிக்குக் கூடத்தில் புகை வந்தது. ஏகாம்பரம்தான் முதலில் பார்த்தார். டிவி, திரைச்சீலை, சங்கத்து ஆர்மோனியம் எல்லாம் எரிந்து போயின. உயிருக்குச் சேதமில்லை. ஏகாம்பரத்தின் வலது உள்ளங்கை வெந்துவிட்டது. எதற்காக உள்ளே கை விட்டார் தெரியுமா? என் கீபோர்டை இழுத்து வெளியே போட!

மறுநாள் காலை சங்கச் செயலாளர் என்னைக் கேட்டார். என் பெட்டியை அணைத்துவிட்டேன், மெயின் அவர் பொறுப்பு என்றேன். யோசிக்கவே இல்லை. அவ்வளவு சுலபமாக வந்தது.

ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடுமா? போகாது. ஜெயிலா? இல்லை. முப்பத்தொரு வயது ஆண்பிள்ளை, பிள்ளைகளுக்கு உபதேசம் செய்துவிட்டு, ஒரு குள்ளனுக்காகக் கூடத்தைக் கொளுத்தினான் என்று சிரிப்பார்களே... அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன். இவ்வளவு அற்பமான காரணம்தான். நீங்கள் பெரிதாக ஏதாவது எதிர்பார்த்திருந்தால் மன்னியுங்கள்.

அடுத்த சனிக்கிழமை காலை சங்க அலுவலகத்தில் விசாரணை. மேசைக்குப் பின்னால் செயலாளரும் இரண்டு உறுப்பினர்களும். சுவரோரம் நான், வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடப் பேனாவோடு. ஏகாம்பரம் கைக்கட்டோடு நின்றார்.

"சார்தான் சொன்னாரு, நீங்கோ போய் துண்ணுங்கோ, மெயினு நான் அணைச்சுக்கறேன்னு. நான் ஏன் சார் பொய் சொல்லப் போறேன்? இந்தக் கொயந்த அங்கதான் இருந்துச்சு. அத்தக் கேளுங்கோ."

மேகலாவைக் கூப்பிட்டார்கள். அவள் அப்பாவும் கூட வந்திருந்தார். அவள் மேசையைப் பார்த்து, எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். கூடத்தில் சுவரைப் பார்த்து நிற்பாளே, அதே மாதிரி.

"பயப்படாம சொல்லும்மா."

அவளுக்கா பயம்! கணீரென்று ஆரம்பித்தாள். "சார் ஏகாம்பரம் மாமாவ சாப்பிடப் போகச் சொன்னாங்க. மாமா போனதும் வேன் வந்துச்சு. அப்ப சார் என்னக் கூப்பிட்டு, அந்தத் துணிய..."

டக்.

கை தவறியா? பதற்றத்திலா? பல வருடங்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். இல்லை! அழுத்துவதற்கு முன் ஒரு கணம் யோசித்தேன். 'இது வேலை செய்யும்' என்று நினைத்தேன். பிறகுதான் அழுத்தினேன்.

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். "அப்புறம்? சொல்லும்மா" என்றார் செயலாளர். மேகலா நின்றாள். என் கட்டைவிரல் பேனாத் தலையில் ஊன்றியிருந்தது. பின்னாலிருந்து நான் அவள் கழுத்தைப் பார்த்தேன். அது அசைந்துகொண்டிருந்தது. அவள் விரல்கள் பாவாடையின் மேல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. தலை, பேசுகிறவர்கள் ஆட்டுவதைப் போல லேசாக ஆடியது. ஐயோ... அவள் பேசிக்கொண்டிருந்தாள்! என் பெயரை, துணியை, சிவப்பு விளக்கை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அவள் உள்ளே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மட்டும் கேட்டது!

"பயப்படுதா சார், சின்னப் பிள்ள" என்றார் அவள் அப்பா.

"சரி, விடுங்க. போம்மா" என்றார் செயலாளர்.

அவள் திரும்பி வாசலை நோக்கி நடந்தாள். விரல் வலித்தது. எடுத்தேன். அவள் வாசற்படியில் நின்று, மேசைப் பக்கம் பார்த்து மரியாதையாகச் சொன்னாள்:

"அவ்வளவுதான் சார், நான் பார்த்தது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விசாரணை முடிந்து ஏகாம்பரம் வெளியே போனதும், வராந்தாவில் அவள் அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னதை ஜன்னல் வழியாகக் கேட்டேன். "எல்லாத்தையும் சொல்லிட்டேன் மாமா!" அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"இன்னாம்மா சொன்ன?"

"நடந்தத எல்லாம்தான்!"

அவர் வெகுநேரம் அவளையே பார்த்தார். பிறகு தன் கைக்கட்டைப் பார்த்தார்.

பத்து நாளில் அவரை அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். பாத்திரங்களையும் ஒரு பாயையும் மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு, கணவனும் மனைவியும் பின்னாலேயே நடந்து போனார்கள். குடியிருப்பே வாசலில் நின்று பார்த்தது. நான் என் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

மேகலாவின் அம்மா ஒருநாள் என்னிடம் வந்தாள். "சார், இவ பேசிக்கிட்டே இருக்கா, யாராவது சுவிட்ச போட்டா டக்குன்னு நிக்கா. பொறவு பாதியில இருந்து பேசுதா. பாட்டுப் படிக்க வந்த பொறவுதான் இப்படி. என்ன சார் செய்ய?"

என்ன சொன்னேன்? "வளர வளரச் சரியாகிடும்மா" என்றேன். அதற்குப் பிறகு அவர்கள் மாற்றலாகிப் போய்விட்டார்கள். எந்த ஊருக்கு என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இன்று அவளுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்கே, யார் முன்னால், எந்தப் பேச்சின் நடுவில் நின்று போகிறாளோ... நின்றது தெரியாமலே, சொல்லிவிட்டேன் என்று நம்பிக்கொண்டு!

நான்கு வருடம் பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை. தனியாக இருக்கும் நேரங்களில், பேச்சு அடங்கிய இடங்களில், அந்தச் சன்னக் குரல் சாட்சி சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மின்சார ரயில் ஏறி நெமிலிச்சேரிக்குப் போனேன். 'கூடத்தைக் கொளுத்தியது நான்தான், உங்கள் மேல் பழி போட்டதும் நான்தான்.' ரயிலில் இதையே மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

ஏகாம்பரம் தம்பி வீட்டை ஒட்டி இறக்கிய சார்ப்பில் இருந்தார். ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் சீட்டுக் கிழிக்கிறாராம், இடது கையால். வலது கை விரல்கள் உள்பக்கமாக மடங்கிப் போயிருந்தன. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மனைவியை டீ வைக்கச் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ வருவேன்னு தெரியும் சார். நானே வந்து உன்னப் பாக்கணும்னு இருந்தேன், மூஞ்சி இல்ல. ரொம்ப நாளா யோசிச்சுப் பாத்தேன் சார். நீ சொன்ன, நான் கேட்டேன்னுதான் என் நெனப்புல கீது. ஆனா கொயந்த பொய் சொல்லாதே சார்! நான் சொன்னது நெசமா இருந்தா, அது வாயத் தொறந்து சொல்லியிருக்காதா? என்னைக் காட்டிக் குடுக்க மனசு இல்லாமதான் அது வாயடைச்சு நின்னுச்சு. அப்பவே புரிஞ்சு போச்சு. நான்தான் மெயினு அணைக்க மறந்துட்டேன். மறந்துட்டு, உன் மேல பழியப் போட்டேன். நல்ல மனுசன் மேல..."

அவர் அழுதார். மடங்கிய கையை நெற்றிக்குக் கொண்டுபோய் என்னைக் கும்பிட்டார். "மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லு சார். போதும்."

மனப்பாடம் செய்த வாக்கியம் தொண்டையில் இருந்தது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. யார் கையிலும் பேனா இல்லை.

"பரவாயில்லை, விடுங்க. அதையெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன்" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. மனைவி கொடுத்த டீயைக் குடித்தேன். அவர் ஸ்டேஷன் வரை கூடவே வந்து, ரயில் கிளம்பும்வரை நின்று, அந்தக் கையை ஆட்டினார். நான் அவரை மன்னித்துவிட்டு ஆவடிக்குத் திரும்பி வந்தேன்.